அம்மா அவசரமாகச் சொன்ன சாட்சி

"இன்னும் யாராவது சாட்சி சொல்லணுமா?" என்று பாஸ்டர் கேட்டு முடிப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

நான் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய சேலைத் தலைப்பு என் தோளை உரசிக்கொண்டு போனது. பாத்ரூமுக்குப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் நேராக மைக்குக்கு முன்னால் போய் நிற்கிறாள். வெயில் காலம். ஷீட்டுக் கூரை சுட்டுக்கொண்டிருந்தது. மின்விசிறி அனல் காற்றையே திரும்பத் திரும்ப எங்கள் மேல் தள்ளிக்கொண்டிருந்தது.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என் மகள் ஜெனியைப் பல மாதங்களாகப் பயத்தின் ஆவி வாதித்தது. சபையார் எல்லாரும் ஊக்கமாய் ஜெபித்தீர்கள். இன்றைக்குக் கர்த்தர் அவளுக்குப் பரிபூரண சுகம் தந்திருக்கிறார். இனி அவளுக்குப் பயமும் இல்லை, மாத்திரையும் தேவையில்லை. அல்லேலூயா!"

வாரம் முழுக்க "இன்னாடி, துன்னியா?" என்று பேசுகிற அம்மா, மைக்கைப் பிடித்தால் இப்படித்தான் அச்சடித்த மாதிரி பேசுவாள். சபை முழுவதும் கைதட்டியது. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய முடியும்? அன்று காலையில் போட்ட மாத்திரையின் மீதி அட்டை என் கைப்பையில் இருந்தது.

ஒரு போன்

இந்தத் தொடரில் போன வாரம் கம்பெனி பஸ்ஸைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதை யாரோ அம்மாவிடம் படித்துக் காட்டியிருக்கிறார்கள். உடனே போன்.

"என்ன பத்தி எழுதறியாமே?"

"ஆமாம்மா. அடுத்த வாரம் சபையில நீ சாட்சி சொன்னத எழுதலாம்னு இருக்கேன். வேணாம்னா விட்டுடறேன்."

"எழுதுனா முழுசா எழுது. பாதில நிறுத்தாத" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஆகவே முழுசாக எழுதுகிறேன்.

சாட்சி என்றால்

சபைப் பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்களுடையது ஆம்பூரில் ஒரு சந்துக்குள் இருந்த சின்னச் சபை. வருகிறவர்களில் பாதிப்பேர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்கள். ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. கடவுளிடம் நன்மை பெற்றவர்கள் முன்னால் வந்து அதை எல்லாருக்கும் சொல்ல வேண்டும். வேலை கிடைத்தவர், சிறுநீரகக் கல் கரைந்தவர், வீட்டுக்காரர் குடியை விட்டவர் என்று வரிசையாக வருவார்கள். பிரசங்கத்தில் கண்ணயர்கிறவர்கள்கூட இதற்கு விழித்துக்கொள்வார்கள்.

பெற்றதைச் சொல்லாமல் மறைத்தால் அது கைவிட்டுப் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. அதற்கு ஒரு படி மேலே இன்னொன்றும் உண்டு. இன்னும் கிடைக்காததை, கிடைத்துவிட்டதாகவே முன்கூட்டிச் சொல்லிவிடுவது. அதற்கு விசுவாச அறிக்கை என்று பெயர். வாயால் அறிக்கையிட்டால் வாழ்க்கையில் நடந்துவிடும் என்பார்கள். அம்மா அன்று செய்தது அதைத்தான். எனக்குச் சில வாரங்களாகப் பயம் வராமல் இருந்தது. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்பா சபைக்குள் வருவதில்லை. அவர் திமிரிப் பக்கத்து இந்து விவசாயக் குடும்பம். கம்பெனி பஸ் ஓட்டப் போன இடத்தில், அதே பஸ்ஸில் வந்த தையல் பிரிவு எஸ்தரைக் கல்யாணம் செய்துகொண்டவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை இறக்கிவிட்டு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். ஸ்பீக்கர் புண்ணியத்தில் உள்ளே நடப்பதெல்லாம் அவருக்கும் கேட்கும்.

வெளியே வந்ததும், "இன்னா எஸ்தரு, நேத்துதான மாத்திர வாங்கினு வந்தேன்?" என்றார்.

"அது விசுவாசம். உங்களுக்குப் புரியாது" என்றாள் அம்மா.

அப்பா வண்டியைக் கிளப்பினார்.

பயம் வந்த கதை

வேலூர்ப் பக்கம் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பட்டப்படிப்பைத் தாண்டிய முதல் ஆள். அப்பா பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லியிருந்தார். "பொண்ணு எப்ப டாக்டர் ஆவுது?" என்று கேட்கிறவர்களிடம், "இது வேற டாக்டரு" என்று விளக்கமும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் ஆய்வகத்தில் பியூரெட் குழாயைத் திறந்து அமிலத்தைத் துளித்துளியாக விட்டுக்கொண்டிருந்தேன். நிறம் மாறுகிற நேரம். திடீரென்று நெஞ்சு வேகமாக அடித்தது. விரல்கள் மரத்துப்போயின. காற்று தொண்டையோடு நின்றுவிட்டது. செத்துப்போகப் போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. "தோன்றியது" என்று எழுதவில்லை. தெரிந்தது என்றுதான் எழுத வேண்டும். அப்படி இருக்கும் அது.

என் தோழி ஷபானாதான் என்னைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஈசிஜி எடுத்தார்கள். இதயத்துக்கு ஒன்றுமில்லை, பயந்திருக்கிறாய் என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாதது மறுபடி மறுபடி வந்தது. வகுப்பில், ரயிலில், ஒரு முறை பிரியாணி தின்றுகொண்டிருக்கும்போது. ஆம்பூர்க்காரிக்கு பிரியாணித் தட்டை நகர்த்தி வைக்க நேர்ந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

எல்லாச் சாமிக்கும் ஓவர்டைம்

எங்கள் வகுப்பில் நான் மட்டும் பயந்தவள் இல்லை. தேர்வு நெருங்கினால் மாணவர்களின் பக்தி தாறுமாறாக ஏறும். சாலையோரப் பிள்ளையாரின் காலடியில் ஹால்டிக்கெட்டுகள் கிடக்கும். வெள்ளிக்கிழமை நோன்பு இருப்பவர்கள், மலைக்கு மாலை போடுபவர்கள், தாயத்து கட்டிக்கொள்பவர்கள், பேனாவுக்கு ஜெப எண்ணெய் தடவுபவர்கள். எண்ணெய் தடவிய பேனா எழுதாமல் போய்த் தேர்வறையில் அழுத ஒருத்தியை எனக்குத் தெரியும்.

கேலி செய்கிறேனே தவிர, அதில் எனக்கும் பங்கு உண்டு. இடைவேளையில் காலி வகுப்பறையில் ஷபானா தொழும்போது நான் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். அவள் குனிந்து நிமிர்கிற நிதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலே என் மூச்சு கொஞ்சம் சீராகும். என் சொந்த ஜெபத்தில் அது நடக்கவில்லை. நான் ஜெபித்ததெல்லாம் "வரக்கூடாது, வரக்கூடாது" என்பதுதான். அப்படிக் கேட்கக் கேட்க அது வந்தது.

அப்பா தன் பங்குக்கு என்னைச் சோளிங்கர் நரசிம்மர் மலைக்குக் கூட்டிப்போனார். மனசு சரியில்லாதவர்களை அங்கே கூட்டிவருவது எங்கள் பக்கத்தில் வழக்கம். அம்மா தடுக்கவில்லை. "என் காதுல விழாத மாதிரி போய்ட்டு வந்துடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

வெயில் ஏறுவதற்கு முன்னால் மலை ஏற ஆரம்பித்தோம். பாதிப் படியில் என் நெஞ்சு படபடவென்று அடித்தது. வந்துவிட்டது என்று உட்கார்ந்தேன். சுற்றிலும் பார்த்தால், எல்லாருக்கும் மூச்சு வாங்குகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மாமி, வாயைத் திறந்து காற்றை இழுக்கிற ஒரு தாத்தா, என் அப்பா. ஒருவர்கூடப் பயப்படவில்லை. எழுந்து ஏறிக்கொண்டே இருந்தார்கள். நெஞ்சு அடிப்பது வேறு, பயம் வேறு என்று முதன்முறையாக எனக்கு உறைத்தது அங்கேதான். அந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதால், நரசிம்மரை மங்கலாகத்தான் தரிசித்தேன்.

டாக்டரம்மா

கடைசியில் பல்கலைக்கழகத்திலேயே இருந்த மனநல ஆலோசகர் வேலூரில் ஒரு டாக்டரிடம் அனுப்பினார். டாக்டரம்மா வயதில் எனக்கு அக்கா மாதிரி இருந்தார். நான் சொன்னதையெல்லாம் அவசரப்படாமல் கேட்டார்.

"இதுக்குப் பேரு பேனிக் அட்டாக். நிறைய பேருக்கு வருது. குணப்படுத்தலாம். கொஞ்ச நாள் மாத்திர, கூடவே நான் சொல்ற பயிற்சி. நல்லாயிட்டேன்னு நீங்களா மாத்திரைய நிறுத்தக் கூடாது."

அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்குப் பாதி வைத்தியமாக இருந்தது. "ஜெபம் பண்ணலாமா?" என்று கேட்டேன். என்னவோ பத்தியம் கேட்கிற மாதிரி.

"தாராளமா பண்ணுங்க. மாத்திரையோட அது சண்ட போடாது."

மெல்ல மெல்லக் குறைந்தது. அப்புறம் சில வாரங்கள் வரவே இல்லை. அந்த நல்ல வாரங்களில் ஒன்றில்தான் அம்மா மைக்கைப் பிடித்தாள்.

சுகமானவள்

அன்றிலிருந்து சபையில் எனக்குப் புதிய பதவி. "சுகமான பொண்ணு." அம்மாவோடு வேலை செய்கிறவர்கள் கம்பெனி வாசலில் என்னைப் பார்த்தால் தலையில் கை வைத்து ஸ்தோத்திரம் சொன்னார்கள். பாஸ்டர் தன் பிரசங்கத்திலேயே ஒரு முறை என்னை உதாரணம் காட்டினார்.

மாத்திரையை நிறுத்து என்று அம்மா வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் காலையில் நான் அட்டையைக் கையில் எடுத்தால் அவள் முகம் சுருங்கும். இத்தனை பேர் முன்னால் சொன்ன வார்த்தை ஆயிற்றே. ஒரு நாள் போடாமல் விட்டேன். மறுநாளும் விட்டேன். பிறகு அடியோடு விட்டுவிட்டேன். டாக்டரம்மாவிடமும் போகவில்லை.

அது திரும்பி வந்தது ரயிலில். காலைப் பாசஞ்சரில் ஷபானா வாணியம்பாடியிலேயே ஏறி எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். அன்று லத்தேரி வரும்போது உள்ளங்கை வேர்த்தது. வண்டி நின்றதும் கூட்டத்தை இடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். ஷபானாவும் பின்னாலேயே குதித்தாள். வண்டி போய்விட்டது. பிளாட்பாரத்து பெஞ்சில் நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

கொஞ்சம் அடங்கியதும் கேட்டாள். "மாத்திர போடலியா நீ?"

"இல்ல."

"ஏண்டி?"

சாட்சியைச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பேஜார் புடிச்சவளே. போய் அம்மாகிட்ட உண்மைய சொல்லு."

"சொன்னா அம்மா சபையில பொய் சொன்ன மாதிரி ஆயிடும் ஷபு. கம்பெனில எப்படித் தலை நிமிர்ந்து போவாங்க?"

"அதுக்காக நீ தெனம் ஸ்டேஷன் ஸ்டேஷனா எறங்குவியா?"

ஒன்று என் உடம்பு, இல்லையென்றால் அம்மாவின் மானம் என்று எனக்குள் தராசு ஆடிக்கொண்டிருந்தது. வீட்டில் சிரித்துக்கொண்டு திரிந்தேன். வந்தால் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். புராஜக்ட் வைவா தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அப்படியே படிப்பை விட்டுவிடலாமா என்றும் நினைத்தேன்.

பிளெஸ்ஸி கேட்டது

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அம்மாவோடு தையல் பிரிவில் வேலை செய்கிற ராணி அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பெயர் பிளெஸ்ஸி. என்ஜினியரிங் இரண்டாம் வருஷம். பரீட்சை அறைக்குள் போக முடியாமல் பாதியில் ஓடிவந்துவிட்டாளாம்.

"உன் கையால அவ தலமேல வச்சு ஜெபம் பண்ணு ஜெனி. உனக்குப் போன மாதிரி அவளுக்கும் போவட்டும்" என்றார் ராணி அக்கா.

அம்மா பெருமையோடு என்னைப் பார்த்துவிட்டு டீ போட உள்ளே போனாள். ராணி அக்காவும் பேசிக்கொண்டே பின்னால் போனார். கூடத்தில் நானும் அந்தப் பெண்ணும் மட்டும். அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் தலையில் கை வைத்தேன்.

அவள் நிமிர்ந்து மெதுவாகக் கேட்டாள். "அக்கா, நெஜமாவே உங்களுக்குப் போய்டுச்சா? எனக்கு ஏன் போவல? உங்க சாட்சிய கேட்டுட்டு அம்மா என் மாத்திரைய நிறுத்திட்டாங்க. இப்ப ஜாஸ்தியா வருது. எனக்குத்தான் விசுவாசம் கம்மியா?"

இவ்வளவு நாள் தராசில் நானும் அம்மாவும் மட்டுமே இருந்தோம். இந்தப் பெண்ணை நான் யோசிக்கவே இல்லை. அவள் தலையிலிருந்து கையை எடுத்தேன்.

"இல்ல பிளெஸ்ஸி. எனக்குப் போவல. இந்த வாரம்கூட ரயில்ல வந்துச்சு. உன்ன மாதிரியேதான், மாத்திரைய நிறுத்துனதும் திரும்ப வந்துடுச்சு. உன் விசுவாசத்துல ஒரு கொறையும் இல்ல."

அவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள். "அப்ப நான் மட்டும் இல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். சமையலறை வாசலில் அம்மா டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ராணி அக்கா.

மைக்கில் சொன்னது

அவர்கள் போனபிறகு அம்மா நெடுநேரம் தம்ளர் கழுவினாள். பிறகு ஈரக்கையோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எப்ப திரும்ப வந்துச்சு?"

"நீ சாட்சி சொல்லி கொஞ்ச நாள்ல."

"ஏன் பாப்பா எங்கிட்ட சொல்லல?"

"நீதான் மைக்ல சொல்லிட்டியேம்மா."

அம்மாவின் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அழவில்லை. கோபப்படவும் இல்லை. "ஆமா" என்றாள். "சொல்லிட்டேன்."

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு என்னை வேலூருக்குக் கூட்டிப்போனாள். மாத்திரை மறுபடி ஆரம்பமானது. டாக்டரம்மா இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. நிறுத்தினால் திரும்ப வருவது வழக்கம்தான், இனி தன்னைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அம்மா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அவர் சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டாள். விவகாரம் அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் பாஸ்டர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் பாஸ்டர் சங்கடப்பட்டார். நல்ல மனிதர், எங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால், "சபையில அத திரும்பச் சொல்லணுமா சிஸ்டர்? புதுசா வர்றவங்க விசுவாசம் கொறஞ்சுடுமே" என்றார்.

"பத்துக் கட்டளையில பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதுன்னு இருக்குதே பாஸ்டர்" என்றாள் அம்மா. "நான் பொய்யின்னு நெனச்சு சொல்லல. ஆனா இப்ப அது பொய்தான. மைக்ல சொன்னத வூட்ல திருத்த முடியாது."

பாஸ்டர் சரி என்று தலையாட்டினார்.

இரண்டாம் முறை

அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் அம்மா கடைசியாகத்தான் எழுந்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தொடங்குவதற்கே நேரம் ஆனது.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அன்னைக்கு ஜெனிக்கு சொகமாயிடுச்சின்னு சொன்னேன். அவசரப்பட்டுட்டேன். அவளுக்கு இன்னும் முழுசா சொகமாவல. டாக்டர் பாக்கறாங்க, மாத்திர சாப்புடறா. நான் சொன்னத கேட்டு யாராவது புள்ளைங்களுக்கு மாத்திரைய நிறுத்தி இருந்தீங்கன்னா, தயவுசெஞ்சு திரும்ப டாக்டர்கிட்ட கூட்டினு போங்க. கர்த்தர் பேர்ல எனக்கு விசுவாசம் கொறையல. என் வாய்தான் முந்திக்கிச்சு. எம்பொண்ணுக்காக ஜெபம் பண்ணுங்க. அந்த டாக்டரம்மாவுக்காகவும் பண்ணுங்க."

இந்த முறை அச்சடித்த தமிழ் இல்லை. வீட்டில் பேசுகிற தமிழ்தான். யாரும் கைதட்டவில்லை. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. பிறகு பாஸ்டர் கண்ணை மூடி, அம்மா கேட்டபடியே, டாக்டரையும் சேர்த்து ஜெபித்தார். எங்கள் சபையில் ஒரு டாக்டருக்காக எல்லாரும் ஆமென் சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன். முன்வரிசையில் ராணி அக்கா பிளெஸ்ஸியின் தோளில் கைபோட்டு அணைத்துக்கொண்டு குனிந்திருந்தார். அந்த வாரமே அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார். எனக்கும் வைவா நல்லபடியாக முடிந்தது.

என் அம்மாவை நினைத்து நான் அவ்வளவு பெருமைப்பட்டது அதற்கு முன்னால் இல்லை. அவள் திரும்பி வந்து என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்ததும் அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சில்லிட்டுப் போயிருந்தது. உள்ளங்கை முழுக்க வேர்வை. விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"அவ்ளோ பேர் முன்னாடி பேசுனதால பயந்துட்டியாம்மா?" என்று காதோரம் கேட்டேன்.

அவள் இல்லை என்று தலையசைத்தாள். மேடையில் பாட்டு தொடங்கிவிட்டது. அந்தச் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

"எனக்கு இது உன் வயசுலேருந்தே வருது பாப்பா. பஸ்ல வரும், மிஷின்ல உக்காந்துக்கினு இருக்கும்போது வரும். கை மரத்துப்போவும், உசுரு போய்டும் போல இருக்கும். உனக்கு வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என்னோடது உனக்கு வந்துடக் கூடாதுன்னுதான் அப்படி ஓடிப்போய் மைக்க புடிச்சேன்."

அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பாட்டு முடிகிற நேரத்தில் அவளே மறுபடி கேட்டாள்.

"அந்த டாக்டரம்மா காலேஜ் புள்ளைங்கள மட்டுந்தான் பாப்பாங்களா? என்ன மாதிரி ஆளுங்களையும் பாப்பாங்களா?"